300 பாகத்துக்குக் கீழே

1860ஆம் ஆண்டு மத்தியதரைக் கடலில் ஒரு கப்பல் செத்துப்போன தந்திக் கம்பி ஒன்றை அடியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. சார்டீனியத் தீவையும் அல்ஜீரியாவின் போனா துறைமுகத்தையும் இணைக்க 1857இல் போட்ட கம்பி அது. மூன்றே வருடத்தில் பேச்சு நின்றுவிட்டது. பழுது எங்கே என்று பார்த்து, மீட்க முடிந்ததை மீட்டு வரச் சொல்லி கம்பெனி ஓர் இளம் பொறியாளரை அனுப்பியிருந்தது. பெயர் ஃப்ளீமிங் ஜென்கின். வயது 27. இதை எழுதும் என்னைவிட ஒரு வயது சின்னவர்.

யாரோ கணக்குப் போட்டு, யாரோ போட்ட கம்பி. அது கெட்டுப்போனதும் அடுத்தவன் போய் நோண்ட வேண்டும். சைட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். ஜென்கினும் எரிச்சல்பட்டிருக்கலாம். ஆனால் கம்பி மேலே வரவர, அதில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆழம் குறைந்த இடங்களில் சிப்பியும் புழுக்கூடும் வருவதில் ஆச்சரியமில்லை. ஆழம் கூடிய பிறகும் அவை நிற்கவில்லை. கடைசியில் கம்பி அறுந்த முனையிலேயே ஒரு பவளம் இருந்தது. கூட்டமாகத் திட்டு கட்டும் பவளம் இல்லை. சின்னக் கிண்ணம் மாதிரி தனி ஆளாய் வாழும் கேரியோஃபிலியா என்ற வகை. அந்த முனை கிடந்த ஆழம் 1,200 பாகம்.

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். தமிழ் மீனவர்கள் கடலின் ஆழத்தை இந்தக் கணக்கில்தான் சொல்லி வந்தார்கள். ஆங்கிலேய மாலுமிகளின் ஃபேதமும் அதே விரித்த கைதான், 1.83 மீட்டர். ஆக 1,200 பாகம் என்றால் ஏறக்குறைய 2,200 மீட்டர். பெட்ரோனாஸ் கோபுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து முறை அடுக்கினால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.

சரி, கடலுக்கு அடியில் பவளம் இருந்தது, அதுக்கென்ன என்று கேட்கலாம். சிக்கல் என்னவென்றால், அன்றைக்கு இருந்த அறிவியலின்படி அங்கே எதுவுமே இருக்கக் கூடாது. 300 பாகத்துக்குக் கீழே கடல் ஒரு வெற்று இடம், உயிரற்ற இருட்டு என்றுதான் படித்தவர்கள் நம்பினார்கள். நம்ப வைத்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ்.

ஃபோர்ப்ஸை வில்லனாக்கிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் அவரைப் பற்றி வாசிக்க வாசிக்க எனக்குப் பிடித்துத்தான் போனது. 1815இல் மான் தீவில் பிறந்தவர். நண்பர்கள் சூழ இருந்தவர், படம் வரைவார், கிண்டலாகப் பாட்டெழுதுவார். கடலடியை வாருவதைப் பற்றியே ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். அவருடைய கருவி டிரெட்ஜ். இரும்புச் சட்டத்தில் ஒரு பையைக் கட்டி, கயிற்றில் இறக்கி, கடலடியில் இழுத்து, அகப்பட்டதை மேலே கொண்டுவருவது. 1841-42இல் பீக்கன் என்ற அளவைக் கப்பலில் ஏஜியன் கடலுக்குப் போனபோது நாள் தவறாமல் அந்தப் பையை இறக்கினார். 230 பாகம் வரை போனார். அதுவரை இவ்வளவு ஒழுங்காக, ஆழம் குறித்து, இனம் எண்ணி இந்த வேலையைச் செய்தவர்கள் மிகக் குறைவு.

எண்ணிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிந்தது. கடலை எட்டு அடுக்குகளாகப் பிரித்தார். மேலே உயிர்கள் அதிகம். இறங்க இறங்க இனங்கள் குறைகின்றன. எட்டாவது அடுக்கில் கொஞ்சமே கொஞ்சம். இந்தக் குறைவு இப்படியே தொடர்ந்தால்? மனத்துக்குள் கோட்டை நீட்டினார். சுமார் 300 பாகத்தில் அது பூஜ்யத்தைத் தொட்டது.

பொறியியல் படிப்பில் முதல் வருடமே நம் தலையில் குட்டிச் சொல்லித் தரும் விஷயம் இது: அளந்த புள்ளிகளுக்கு நடுவே கோடு போடு, கடைசிப் புள்ளியைத் தாண்டிக் கோட்டை நீட்டாதே. நீட்டினால் உன் பொறுப்பு. ஃபோர்ப்ஸின் புள்ளிகளிலும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஏஜியன் கடல் சத்து குறைந்த கடல். அதன் ஆழப் பகுதிகளில் உயிர்கள் இயல்பாகவே அரிது. அவருடைய டிரெட்ஜ் வாய் சிறியது, பை சீக்கிரமே சேற்றால் அடைந்துவிடும். அதாவது, இருப்பதற்குள் ஏழையான ஒரு கடலை, பாதி அடைத்த பையால் வாரி, அதிலிருந்து உலகத்துக் கடல்களுக்கெல்லாம் ஒரு விதி. இதையும் அவர் தயங்கித்தான் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அந்தத் தயக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு விதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவரைவிட அவரை வாசித்தவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்பது புரியக்கூடியதுதான். கீழே வெளிச்சம் இல்லை, அதனால் செடி இல்லை, அதனால் சாப்பாடு இல்லை. உறையும் குளிர். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 2,200 மீட்டரில் 220 மடங்கு. இதில் எது வாழும்? பொதுப்புத்தி இன்னும் ஒரு படி மேலே போனது. ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் தண்ணீரே இறுகி அடர்த்தியாகிவிடும், எனவே மூழ்கும் பொருள்கள் அடிவரை போகாது, எடைக்கு எடை வெவ்வேறு மட்டங்களில் நின்றுவிடும் என்று நம்பினார்கள். ஒரு மட்டத்தில் மனித எலும்புக்கூடுகள், அதற்குக் கீழே நங்கூரங்கள், அதற்கும் கீழே பீரங்கிக் குண்டுகள், எல்லாம் அந்தரத்தில் மிதந்தபடி. பின்னாளில் வைவில் தாம்சன் இந்த நம்பிக்கையைச் சிரிப்போடு பதிவு செய்திருக்கிறார். உண்மையில் தண்ணீர் அவ்வளவு எளிதில் மசியாது. ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் அது சுருங்குவது நூற்றில் அரைப் பங்குதான். ஆனால் எலும்புக்கூடுகள் அடுக்கடுக்காய் மிதக்கும் கடல் எவ்வளவு நல்ல படம்! பொய் என்று தெரிந்த பிறகும் என்னால் அதை விட முடியவில்லை.

எதிர்ச்சாட்சிகள் இல்லாமல் இல்லை. 1818இலேயே ஜான் ராஸ் பாஃபின் விரிகுடாவில் ஆழம் பார்க்கக் கயிறு இறக்கியபோது, 800 பாகத்துக்கு மேல் என்று கணக்கிட்ட ஓரிடத்தில், கிளை கிளையாய்ப் பிரிந்த கைகள் கொண்ட கூடை நட்சத்திரம் ஒன்று சிக்கி மேலே வந்தது. 1810இல் நீஸ் நகரத்து ரிஸ்ஸோ, உள்ளூர் மீனவர்கள் கொண்டுவந்த ஆழ்கடல் மீன்களை வருணித்துப் புத்தகமே போட்டிருந்தார். போர்ச்சுகலில் செதூபல் என்ற ஊர் மீனவர்கள் நானூறு ஐந்நூறு பாக ஆழத்திலிருந்து சுறா பிடித்துப் பிழைப்பு நடத்தினார்கள். பல்கலைக்கழகங்கள் உயிரே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஆழத்தில் அவர்கள் தூண்டில் போட்டு அன்றாடச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

கேட்காமல் இருக்க முடியாத ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அது கம்பியில் ஏறி வந்தது. அந்தக் கம்பிக்குத் தோல் கொடுத்தது நம் காடு.

மலேசியத் தமிழில் ரப்பருக்குக் ‘கித்தா’ என்று ஒரு சொல் இருக்கிறது. கித்தா மரம், கித்தாத் தோட்டம். மலாய் மொழியின் ‘கெத்தா’ நம் வாயில் அப்படி ஆனது. கெத்தா என்றால் மரப்பால், பிசின். ஆனால் நம் தாத்தா பாட்டி சீவிய மரம் பிரேசிலிலிருந்து வந்தது. 22 கன்றுகள் 1877இல்தான் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அதற்கு ஒரு தலைமுறை முன்பே உலகச் சந்தையைக் கலக்கிய கித்தா ஒன்று உண்டு. கெத்தா பெர்ச்சா. ஆங்கிலத்தில் கட்டா பெர்ச்சா. அது தாபான் மரத்தின் பால்.

சிங்கப்பூரில் வில்லியம் மாண்ட்கோமரி என்றொரு கம்பெனி மருத்துவர் இருந்தார். 1842இல் மரவெட்டி ஒருவரின் கையில் பாராங் கத்தியைப் பார்க்கிறார். பிடி மரமும் இல்லை, கொம்பும் இல்லை. இது என்ன என்று கேட்கிறார். வெந்நீரில் போட்டால் களிமண் போல இளகும், வேண்டிய வடிவத்துக்குப் பிடித்துக்கொள்ளலாம், ஆறினால் கெட்டிப்படும் என்று பதில் வருகிறது. மாண்ட்கோமரி 1843இல் மாதிரிகளை லண்டன் கலைச் சங்கத்துக்கு அனுப்பினார். அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. மரவெட்டியின் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

வேதியியல் கண்ணில் ரப்பரும் கட்டா பெர்ச்சாவும் உடன்பிறப்புகள். இரண்டும் ஐசோப்ரீன் என்ற ஒரே கண்ணியால் கோத்த சங்கிலி. கோத்த விதம்தான் வேறு. ஒன்றில் சங்கிலி வளைந்து சுருள்கிறது, இழுத்தால் நீள்கிறது. இன்னொன்றில் நேராக அடுக்கிக்கொண்டு இறுகிவிடுகிறது. அந்த இறுக்கம்தான் லண்டன்காரர்களை மயக்கியது. குடைப்பிடி, பொம்மை, கோல்ஃப் பந்து என்று எதையெல்லாமோ செய்து பார்த்தார்கள். ஜெர்மனியில் வெர்னர் சீமன்ஸ் 1847இல் அதைத் தந்திக் கம்பிக்கு உறையாக்கினார். அது அருமையான மின்காப்புப் பொருள் என்று ஃபாரடே 1848இல் எழுதினார். வெயிலிலும் காற்றிலும் விட்டால் வெடித்துப் பொடியாகும் பொருள் அது. கடலடியில் வெயிலும் இல்லை காற்றும் இல்லை. இருட்டு, குளிர், அழுத்தம் மூன்றும் அதற்கு நல்லவை. பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும். ஃபோர்ப்ஸின் சீடர்கள் உயிர் வாழவே முடியாது என்பதற்கு அடுக்கிய அதே மூன்று காரணங்கள்!

அதன்பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1850இல் டோவருக்கும் கலேவுக்கும் நடுவே முதல் கம்பி. மேலே இரும்புக் கவசம் இல்லாமல் வெறும் கட்டா பெர்ச்சா உறையோடு போட்டார்கள், போட்ட வேகத்தில் செத்தது. மீனவர் ஒருவர் வலையில் மாட்டிய கம்பியை ஏதோ புதுவகைக் கடற்பாசி என்று நினைத்து வெட்டி எடுத்துப் போனதாகக் கதை உண்டு. 1851இல் கவசத்தோடு போட்டது நின்றது. 1858இல் அட்லாண்டிக்கைக் கடந்த கம்பியில் விக்டோரியா மகாராணியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. மூன்று வாரத்தில் அந்தக் கம்பியும் ஊமையாகிவிட்டது.

அந்தத் தோல்விக்கு எதிர்பாராத ஒரு பலன் இருந்தது. ஒரேயடியாக அட்லாண்டிக்கைத் தாண்டுவது முடியாது போல, ஃபாரோ, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து என்று தீவுக்குத் தீவு தாவிப் போனால் என்ன என்று யோசித்தார்கள். அந்த வழியில் கடலடி எப்படி என்று பார்த்து வர 1860இல் புல்டாக் என்ற கப்பல் கிளம்பியது. தலைவர் மெக்ளின்டாக். உடன் போன இயற்கையியலாளர் ஜார்ஜ் சார்லஸ் வாலிச்.

சிங்கப்பூர் வரலாறு படித்தவர்களுக்கு வாலிச் என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். இவர் தந்தை நதானியேல் வாலிச், கல்கத்தா தாவரத் தோட்டத்தை நடத்திய டேனிஷ்காரர். 1822இல் சிங்கப்பூர் வந்தவரிடம் ராஃபிள்ஸ் ஒரு தோட்டம் போட்டுத் தரச் சொன்னார். இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் அமைந்தது சிங்கப்பூரின் முதல் தாவரத் தோட்டம். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பிறகு ஓர் இளம் மருத்துவரிடம் வந்தது. மாண்ட்கோமரிதான், பாராங் பிடியைப் பார்த்துக் கேள்வி கேட்டவர். அந்தத் தோட்டம் 1829இல் மூடப்பட்டது. தோட்டக்காரர் லண்டனுக்கு அனுப்பிய பிசினால் ஒரு தொழில் பிறந்து, அந்தத் தொழிலின் தோல்வியைச் சரிக்கட்ட ஒரு கப்பல் கிளம்பி, தோட்டம் போட்டவரின் மகன் அதில் ஏறுகிறார். நாவலில் இப்படி எழுதினால் நம் ஆசிரியர் குழு நம்ப மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிடும்.

கிரீன்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவே 1,260 பாக ஆழத்தில், அதாவது 2,300 மீட்டரில், கயிறு இறக்கினார்கள். அளவு எடுத்து முடிந்த பிறகு கூடுதலாக ஐம்பது பாகம் கயிறு தளர்ந்து அடித்தரையில் கிடந்தது. மேலே இழுத்தபோது அந்தக் கடைசித் துண்டில் 13 பிரிட்டில் ஸ்டார்கள். நட்சத்திர மீனுக்கு ஒன்றுவிட்ட உறவு. நடுவில் காசு மாதிரி உடல், ஐந்து பக்கமும் பாம்பு வால் போன்ற கைகள், தொட்டால் ஒடிந்துவிடும். உயிரோடு, கைகளால் கயிற்றை இறுகக் கட்டிக்கொண்டு வந்திருந்தன.

வாலிச் முட்டாள் இல்லை. என்ன கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். நடுக்கடலில் நீந்திக்கொண்டிருந்தவை வழியில் கயிற்றில் தொற்றிக்கொண்டன என்பார்கள். அதற்கு அவரிடம் பதில் இருந்தது. பிரிட்டில் ஸ்டார் தரையில் ஊரும் பிராணி. தரையில் கிடந்த கயிற்றுப் பகுதியில் மட்டும்தான் அவை இருந்தன. வயிற்றைக் கீறிப் பார்த்தபோது குளோபிஜெரினா என்ற நுண்ணுயிரியின் ஓடுகள். அதே ஓடுகள்தான் அந்தக் கடலடியின் சேறு முழுக்க. தரையில் மேய்ந்தவை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

போதவில்லை. சந்தேகப்பட்டவர்கள் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். வாலிச் எழுதினார், வாதாடினார், 1862இல் வட அட்லாண்டிக்கின் கடலடி பற்றிப் புத்தகம் போட்டார். ஒரு கயிறு, ஒரு கப்பல், ஒரு மனிதனின் சொல். அதை நம்பாமலிருக்க ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

இங்கேதான் ஜென்கினின் கம்பி வேறுபடுகிறது. இதை யோசிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு தொழில்முறைப் பெருமை வருவதை மறைக்கப் போவதில்லை. கம்பி கடலில் இறங்கிய வருடம் தெரியும். எந்த வழியில் கிடக்கிறது, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்பது கம்பெனியின் கோப்பில் இருக்கிறது. மேலே வந்த வருடமும் தெரியும். கயிற்றைப் பற்றிக்கொண்ட பிராணியைப் பார்த்து ‘வழியில் தொற்றியது’ என்று சொல்லலாம். கம்பியின் மேலேயே அடிப்பாகம் ஒட்டி, சுண்ணாம்புச் சுவர் எழுப்பி வளர்ந்த பவளத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. குஞ்சுப் பருவத்தில் வந்து உட்கார்ந்து அங்கேயே வளர்ந்தால்தான் அந்த வடிவம் வரும். 1857க்கும் 1860க்கும் நடுவே, 2,200 மீட்டர் ஆழத்தில், ஒரு பிராணி குடிவந்து வீடு கட்டியிருக்கிறது. வேண்டுமென்றே ஒரு சோதனையைத் திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக அமைந்திருக்காது. யாரும் திட்டமிடவில்லை.

ஜென்கின் பவளத்தைக் கடலில் வீசிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். எடுத்து வைத்தார். எடின்பரோவில் ஜார்ஜ் ஆல்மன் என்ற பேராசிரியரிடம் மாதிரிகளைக் கொடுத்தார். ஆல்மன் உட்கார்ந்திருந்த நாற்காலி, அவருக்கு முன்னால் ஃபோர்ப்ஸ் உட்கார்ந்த நாற்காலி. ஃபோர்ப்ஸ் 1854இலேயே, நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துவிட்டார். உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பெட்டி அவர் மேசைக்குத்தான் வந்திருக்கும். திறந்து பார்த்துச் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்த மனிதரின் குணம் அப்படி. பாரிஸில் அல்ஃபோன்ஸ் மில்ன்-எட்வர்ட்ஸும் அந்தக் கடல் கம்பியில் வந்த சிப்பிகளையும் பவளங்களையும் ஆராய்ந்து 1861இல் கட்டுரை வெளியிட்டார்.

ஜென்கினைப் பற்றி இன்னும் இரண்டு வரி. 1867இல் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலுக்கு ஒரு கடுமையான மதிப்புரை எழுதினார். ஒரு நல்ல மாற்றம் தோன்றினாலும் கலப்பில் அது தலைமுறைக்குத் தலைமுறை நீர்த்துப் போகாதா என்ற அந்தக் கேள்வி டார்வினையே யோசிக்க வைத்தது. 1868இல் எடின்பரோவில் பொறியியல் பேராசிரியரானார். வகுப்புக்கு ஒழுங்காக வராத ஒரு மாணவன் பின்னாளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினான். மாணவன் பெயர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், ‘புதையல் தீவு’ எழுதியவர். கம்பிக் கப்பல்களிலிருந்து ஜென்கின் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கின்றன.

சுவர் இடிந்த பிறகு கூட்டம் வந்தது. 1868இல் லைட்னிங், 1869இல் போர்க்குபைன் என்ற கப்பல்களில் தாம்சனும் கார்பென்டரும் போனார்கள். போர்க்குபைன் 2,435 பாக ஆழத்தில் டிரெட்ஜ் இறக்கி உயிர்களோடு மேலே எடுத்தது. 1870இல் ஆல்மனுக்குப் பின் அதே எடின்பரோ நாற்காலிக்கு வந்த தாம்சன், 1872 டிசம்பரில் சேலஞ்சர் கப்பலில் ஏறினார். மூன்றரை வருடம், 68,890 கடல் மைல், சுமார் 4,700 புதிய இனங்கள், 50 தொகுதி அறிக்கை. மரியானாப் பகுதியில் 4,475 பாகம் ஆழம் கண்டார்கள். சேலஞ்சரைப் பற்றித் தமிழிலேயே நிறையப் படிக்கக் கிடைக்கும், அதனால் இங்கே நீட்டவில்லை. ஒரே ஒரு குட்டிக் கதை மட்டும்.

அட்லாண்டிக் கம்பிக்கு வழி பார்க்க 1857இல் போன கப்பல் கொண்டுவந்த சேற்றை ஹக்ஸ்லி 1868இல் மறுபடி பார்த்தார். சாராயத்தில் ஊறிய அந்தச் சேற்றில் சளி போல ஏதோ இருந்தது. உயிரின் ஆதிக் கூழ் இதுதான், கடலடி முழுக்கப் பரவியிருக்கிறது என்று முடிவு கட்டி அதற்கு பாத்திபியஸ் என்று பெயரும் வைத்தார். சேலஞ்சரில் இருந்த வேதியியலாளர் புக்கானன் சோதித்தார். கடல் நீரில் சாராயம் ஊற்றினால் கால்சியம் சல்பேட் இப்படித்தான் திரியுமாம்! ஹக்ஸ்லி 1875இல் ஒப்புக்கொண்டார். முப்பது சொச்சம் வருடத்தில் கடலடியில் ஒன்றுமே இல்லை என்ற முனையிலிருந்து, கடலடியே ஓர் உயிர் என்ற முனைக்குத் தாவி, திரும்பி வந்திருக்கிறார்கள்.

இனி மரத்துக்கு வருகிறேன். ரப்பர் மரத்தில் பால் ஓடும் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஓரிடத்தில் சீவினால் ஊறிக்கொண்டே இருக்கும், மரமும் வருடக்கணக்கில் நிற்கும். தாபான் மரத்தில் பால் துண்டு துண்டான பைகளில் தேங்கியிருக்கிறது. கீறினால் கொஞ்சம் கசிந்து உடனே உறைந்துவிடும். சீக்கிரம் காசு பார்க்க ஒரே வழி, மரத்தைச் சாய்ப்பது. சாய்த்து, பட்டையை வளையம் வளையமாக வெட்டி, கசிவதை வழித்தெடுப்பார்கள். பல பத்தாண்டு வளர்ந்த ஒரு மரத்துக்குப் பெரும்பாலும் ஒரு கிலோகூடத் தேறாது. மீதி மரம் காட்டிலேயே மக்கும்.

1866இல் அட்லாண்டிக் கம்பி நிலைத்தது. 1870-71இல் மெட்ராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கம்பி வந்தது. நம் மூதாதையர் கப்பலில் நாள்கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டு கடந்த அதே வங்காள விரிகுடாவைச் செய்தி நிமிடங்களில் கடந்தது. தோட்டத்துக்கு ஆள் கேட்டும் அரிசி விலை கேட்டும் போன தந்திகள் இங்கேயே வெட்டிய மரத்தின் பிசினுக்குள் ஓடின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகக் கடல்களில் கிடந்த கம்பியின் நீளம் சுமார் 2 லட்சம் கடல் மைல். அதற்குப் பல மில்லியன் மரங்கள் விழுந்தன. சிங்கப்பூர்த் தீவில் வெட்ட மரமில்லாமல் போக அதிக காலம் ஆகவில்லை. பிறகு தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ. ஜான் டுல்லி என்ற வரலாற்றாசிரியர் 2009இல் எழுதிய கட்டுரையில் இதை விக்டோரியா காலத்துச் சூழலியல் பேரழிவு என்றே குறிப்பிடுகிறார். காட்டுக்குள் மரத்தை அடையாளம் கண்டு சாய்த்தவர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள், ஒராங் அஸ்லிகள், டயாக்குகள். லாபத்தில் அவர்களுக்கு வந்து சேர்ந்தது சொற்பம்.

தாபான் இல்லாவிட்டால் ஃபோர்ப்ஸின் விதி உடைந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. நார்வேயில் மிக்கேல் சார்ஸ் 300 பாகத்துக்குக் கீழே கிடைத்த இனங்களை அப்போதே பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்.  எப்படியும் உடைந்திருக்கும். ஆனால் ஆழ்கடலுக்குள் பணமும் கப்பலும் இறங்கியதற்குக் காரணம் கம்பி. தண்ணீருக்குள் அந்தக் கம்பி பேசியதற்குக் காரணம் தாபான். கடலியல் வரலாற்று நூல்கள் சேலஞ்சரின் கயிறு எத்தனை மைல் என்றுகூட எழுதுகின்றன. இந்த மரத்துக்குக் கிடைப்பது ஒரு பெயரடை, ‘கட்டா பெர்ச்சா உறையிட்ட கம்பி’. அதோடு சரி. அதிலும் ‘பெர்ச்சா’ அந்த மரத்தின் பெயரே இல்லை.

1930களில் பாலித்தீன் வந்தது, கட்டா பெர்ச்சாவின் காலம் முடிந்தது. இன்றைக்கு நீங்கள் அதைச் சந்திக்கும் ஒரே இடம் பல் மருத்துவர் நாற்காலியாக இருக்கலாம். வேர்ச் சிகிச்சையில் பல்லின் வேரை அடைப்பது இன்னும் இந்தப் பிசின்தான். இன்னொரு இடம் ஐரோப்பியக் கடற்கரைகள். அங்கே சில வருடங்களாக ‘ஜிப்பெத்திர்’ என்று எழுத்து பொறித்த கெட்டியான பலகைகள் ஒதுங்குகின்றன. மேற்கு ஜாவாவில் 1885இல் தொடங்கிய கட்டா பெர்ச்சாத் தோட்டத்தின் பெயர் அது. 1917இல் மூழ்கடிக்கப்பட்ட மியாசாகி மாரு என்ற ஜப்பானியக் கப்பலின் சரக்கு என்று கருதப்படுகிறது. நூறு வருடம் கடலில் கிடந்தும் பலகைகளில் எழுத்து அழியவில்லை.

வாலிச் நீண்ட காலம் வாழ்ந்தார். தாம்சனும் கார்பென்டரும் ஆழ்கடலின் நாயகர்களாகக் கொண்டாடப்பட்டதை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வாழ்ந்தார். தன் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார்கள் என்று எழுதி எழுதி, கேட்பவர்களைச் சலிக்க வைத்தார். அவர் சண்டைக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 13 பிரிட்டில் ஸ்டார்களைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் சரி. 1898இல் லின்னேயன் சங்கம் அவருக்குத் தன் தங்கப் பதக்கத்தைக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 82. அடுத்த வருடம் இறந்தார்.